உங்களுக்குத் தெரியுமா? எட்டுப் பிள்ளை வீட்டுக் கணக்கு

★ புதுச்சேரியில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் சராசரி 1.5. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு இது. தமிழ்நாட்டுக்கு 1.8, இந்தியாவுக்கு 2.0. வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயது ஆயாக்களிடம் இந்த ஒன்றரையைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் காலத்தில் கூடப்பிறந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பது சாதாரணம். அந்த ஏழெட்டுப் பேரை வளர்த்தது யார், எப்படி என்பதுதான் இந்த வாரத் துணுக்குகள்.

★ முதலில் எல்லைக் கணக்கு. புதுச்சேரி வட்டாரத்தில் நகராட்சிகள் இரண்டு: புதுச்சேரி, உழவர்கரை. கொம்யூன் பஞ்சாயத்துகள் ஐந்து: வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம். 'கொம்யூன்' என்பது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஏற்பாடு. ஆட்சி மாறியும் அந்தச் சொல் மாறவில்லை. இந்த நிலம் ஒரே துண்டாகவும் இல்லை. நடுநடுவே தமிழ்நாடு புகுந்து வரும். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் கடலூர் மாவட்டம், தம்பி குடியிருக்கும் ஊர் புதுச்சேரி, இரண்டுக்கும் நடுவே சைக்கிள் மிதிக்கும் தூரம். ஆக ஒரே ஆயாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு அரசாங்கத்துப் பள்ளிச் சோற்றைச் சாப்பிடுவார்கள்.

★ அந்தச் சோற்றில் எது மூத்தது? மதிய உணவு என்றதும் காமராஜரையும் 1956-ஐயும் சொல்வோம். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டதைச் சொல்வார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கிய ஆண்டு 1930. காலை வேளையில் பள்ளியில் பால் கொடுக்கும் திட்டமும் இங்கே 2002-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 15-ல். இதைப் போட்டியாகச் சொல்லவில்லை. எட்டுப் பிள்ளை வீட்டில் பள்ளிக்குப் போகும் வயதில் நாலு பேர் இருந்தால், மதியம் நாலு தட்டு குறையும். நடவுக்கும் களைக்கும் போய்விட்டு வரும் தாய்க்கு அந்த நாலு தட்டு எவ்வளவு பெரியது என்பது உலை வைத்தவளுக்குத்தான் தெரியும்.

★ ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. பெரிய குடும்பத்துப் பெண்கள் அரிசியைத் தலை எண்ணி அளப்பார்கள். அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவிடுவார்கள். அதுதான் பிடியரிசி. பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு பிடி குறைந்தால் யாருக்கும் தெரியாது. மாசக் கடைசியில் பானையைக் கவிழ்த்தால் இரண்டு மூன்று வேளைச் சோறு இருக்கும். இன்றைக்குக் குழுக்களில் சேமிப்பு என்று வகுப்பெடுக்கிறார்கள். படிக்காத பெண்கள் அடுப்படியிலேயே அதை நடத்தியிருக்கிறார்கள்.

முட்டைக்கு வேறு வித்தை. அவித்த முட்டையைக் கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு கத்தியோடு போகும். ஆகவே நூலால் அறுப்பார்கள். ஒரு முட்டை, நாலு துண்டு, நாலு பேர். எந்தத் துண்டில் மஞ்சள் கூட இருக்கிறது என்பதில்தான் சண்டை தொடங்கும்.

★ பாகூருக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்காலில் ஏறிப் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்து இந்த வட்டாரத்தின் பெரிய ஏரி அதுதான். நெல் விளையும் ஊர்ப் பிள்ளைகள் எப்போதும் சுடுசோறு தின்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். விளைந்தது யார் நெல் என்ற கேள்வி இருக்கிறதே. கூலிக்காரர் வீட்டில் காலையில் நீராகாரம், இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழ். கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் தொட்டுக்கக் கருவாடு கிடைக்கும்.

★ பாகூரைப் பற்றி இன்னொன்று. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில் கொடுத்த செப்பேடு ஒன்று பாகூரில் கிடைத்தது. இங்கே இயங்கிய ஒரு கல்விக் கூடத்துக்கு, அதாவது வித்யாஸ்தானத்துக்கு, மூன்று கிராமங்களின் வருவாயைத் தானமாக எழுதிவைத்ததை அது சொல்கிறது. படிப்புக்கு மூன்று ஊர் வருமானம்! பெருமைப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால் அதற்குப் பதினோரு நூற்றாண்டு கழித்தும் அதே வயல்வெளி ஊர்களில், தம்பியைத் தூக்க ஆள் இல்லை என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று எந்தச் செப்பேட்டிலும் இல்லை.

★ அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். "ஏய் பெரிய பொண்ணு, தம்பியத் தூக்கு!" இந்தக் குரல் கேட்காத பெரிய குடும்பம் இல்லை. ஆறு வயதில் இடுப்பில் ஒரு பிள்ளை. எட்டு வயதில் ஏணை ஆட்டத் தெரியும். பத்து வயதில் சோறு வடிக்கத் தெரியும். அம்மா நாலாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவதைக் குளிப்பாட்டி, இரண்டாவதுக்குத் தலை பின்னி விடுவது அவள் வேலை. அம்மா கழனியில் இருந்தால், பசியெடுத்த கைக்குழந்தையை வரப்பு வரைக்கும் தூக்கிப்போய்ப் பால் குடிக்கவைத்துத் திரும்பத் தூக்கி வருவதும் அவள்தான். பள்ளிக்கூடத்துக்கு இடுப்புப் பிள்ளையோடு போனவர்களும் உண்டு. வாத்தியார் சில நாள் விடுவார், சில நாள் திருப்பி அனுப்புவார்.

கடைக்குட்டிக்குப் பசித்தால் "யக்கா" என்றுதான் வாய் திறக்கும், அம்மா என்று வராது. இந்தப் பக்கத்தில் வயதான ஆண்கள் பலர், அம்மா செத்தபோது அழுததைவிடப் பெரியக்கா செத்தபோது அதிகம் அழுதிருப்பார்கள். அவள் கல்யாணமாகிப் போகிற அன்றைக்கு வீடே கலங்கும். அதில் பாசம் பாதி, நாளைக்கு யார் உலை வைப்பது என்ற பயம் பாதி. மறுநாளே இரண்டாவது பெண்ணுக்கு 'பெரிய பொண்ணு' உத்தியோகம் வந்துவிடும்.

ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்றார்கள். அந்த ஐவரில் மூத்தவள் எத்தனை வருஷம் எத்தனை ஆள் கூலியை மிச்சம் பிடித்தாள் என்று அந்த அரசன் கணக்குப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

★ ஒரு பிள்ளைக்குப் பால் பல் 20. ஆறு பிள்ளை வீட்டில் 120 பல். அத்தனையையும் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தாக வேண்டும். ஓட்டு வீடு தாங்கியது, பாவம்.

★ பெரிய குடும்பத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். மூத்த மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவாள். அதே நேரத்தில் தாயும் கடைசிப் பிள்ளையைச் சுமந்துகொண்டிருப்பாள். ஒரே கூடத்தில் இரண்டு ஏணை. தாய்மாமனும் மருமகனும் ஒரே வகுப்பில் படிப்பார்கள். பம்பரத்துக்குச் சண்டை போட்டுக்கொள்ளும்போது "மாமனை அடிக்கலாமாடா?" என்று ஆயா தடுப்பார். அந்த மாமன் மருமகனைவிட மூன்று மாசம் இளையவனாக இருப்பான்.

★ கருத்தடை அறியாத காலத்திலும் பிள்ளைக்குப் பிள்ளை இரண்டு மூன்று வருஷம் இடைவெளி விழுந்த வீடுகள் நிறைய. அதற்குத் தாய்ப்பாலும் ஒரு காரணம். குழந்தை அடிக்கடி பால் குடித்தால் தாயின் உடம்பில் கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும். முதல் ஆறு மாதம், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் மறுபடி கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான் என்கிறது மருத்துவம். ஆறு மாதத்துக்குப் பிறகு இதை நம்பிவிடக் கூடாது. நம்பியவர்களின் பிள்ளைகளும் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். பால் ஊற ஆயாக்கள் சொல்லும் பத்தியம் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும்.

★ அம்மை வந்தால் பெரிய குடும்பத்தின் கதி? சின்னம்மை வராத பிள்ளைகள் ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றும். தொற்றிய பிறகு கொப்புளம் தெரிய இரண்டு வாரம் ஆகும். முதல் பிள்ளைக்குத் தண்ணி ஊற்றி முடிக்கும்போது அடுத்த இரண்டு பேருக்கு முத்து போடும். அவர்கள் எழுந்தால் மிச்சம் இருப்பவர்கள் படுப்பார்கள். ஆறு பிள்ளை வீட்டு வாசலில் செருகிய வேப்பிலை காயக் காய மாற்றி ஒன்றரை மாசம் இரண்டு மாசம் இருந்ததுண்டு. அதுவரைக்கும் வீட்டில் தாளிப்பு இல்லை. அம்மைக்குப் பயந்தவர்களைவிடத் தாளிக்காத குழம்புக்குப் பயந்தவர்கள் அதிகம்.

★ பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். தலையை விட்டு விழுந்தால் இரண்டு நாளைக்கு மேல் உயிரோடிருக்காது. ஒரே பாயில் ஐந்து பெண்கள் தலை சேர்த்துப் படுத்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள். ஒருத்திக்கு மட்டும் பார்த்துவிட்டு விட்டால் அடுத்த வாரமே திரும்ப ஏறிவிடும் என்பது இதனால்தான். மத்தியானத்தில் திண்ணையில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரிசை கட்டி உட்கார்ந்து எல்லாரும் எல்லாருக்கும் பேன் பார்த்தது சரியான வைத்தியம். ஊர் வம்பும் அதிலேயே முடிந்துவிடும்.

★ பிறந்து பிறந்து இறந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கு அழகான பெயர் வைக்க மாட்டார்கள். எமனுக்கே பிடிக்காத பெயராக இருக்க வேண்டும். குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்தால் குப்பன், குப்பம்மாள், குப்புசாமி. மூக்குக் குத்திவிட்டால் மூக்கன், மூக்காயி. விழுப்புரம், புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் மண்ணாங்கட்டி என்றே பெயர் கொண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவதும் உண்டு. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்'. முன்னதில் பிள்ளையைக் காப்பாற்றும் தவிப்பு இருக்கிறது. பின்னதை அப்படிச் சொல்ல முடியாது. ஆயுளுக்கும் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தான் வேண்டாதவள் என்று சொல்லவைத்தது கொடுமை.

இத்தனை பெயர்ச் சூழ்ச்சிக்கும் காரணம் இருந்தது. 1971-ல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 28. எட்டுப் பிள்ளை பெற்றவர்கள் எட்டும் தங்கும் என்று நம்பிப் பெறவில்லை.

★ வயது தெரியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க என்ன சோதனை? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. பெயர் எழுதும்போது வாத்தியார் தோதாக ஒரு தேதியையும் போட்டுவிடுவார். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே ஐந்தே மாதம் வித்தியாசம் காட்டும் சான்றிதழ்களுக்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

★ 1954 அக்டோபர் 18-ல் பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு இணைவதா என்று முடிவு செய்ய மக்கள் பிரதிநிதிகள் கூடியது வில்லியனூரை அடுத்த கீழூரில். வந்தவர்கள் 178 பேர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. ஒரு பெரிய கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிடலாம்.

★ ஆனால் பிள்ளைகளின் தலையெழுத்தை மாற்றியது 1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் பிரெஞ்சு–இந்திய ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்த நாள் அது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகாத, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன் எழுதிக்கொடுத்ததே முடிவு. அந்தத் தாளில் பிள்ளைகளின் பெயரையும் குறிப்பிட வேண்டும். சுமார் ஐயாயிரம் பேர் அப்படிப் பிரெஞ்சுக்காரராகவே நின்றார்கள். அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி அலட்சியமாக விட்டார் என்றால், ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் ஒரு வரிசை பாரீசில், ஒரு வரிசை பாகூர் வயலில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களைப் பார்த்து மற்றவர்கள் பெருமூச்சு விடுவதற்குப் பின்னால் இந்த ஒரு கையெழுத்து இருக்கிறது.

★ சுற்றுக் கிராமங்களிலிருந்து புதுச்சேரி பஞ்சாலைகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். 1936 ஜூலை 30-ல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு, 1937 ஏப்ரல் 6-ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. வெளிச்சத்தோடு வீடு திரும்பும் அப்பாவைப் பிள்ளைகள் பார்க்கக் கிடைத்ததில் அந்த 12 பேருக்கும் பங்குண்டு.

★ புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசன் வாத்தியாராக இருந்து 1946-ல் ஓய்வு பெற்றவர். வீட்டின் ஒரு நாளை விடியலிலிருந்து பாடும் 'குடும்ப விளக்கு' அவர் எழுதியது. அதில் ஒரு பகுதிக்குத் தலைப்பே 'மக்கட்பேறு'. அவரேதான் கருத்தடைக்கு ஆதரவாகவும் பாட்டு எழுதினார், இந்திய அரசு 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்குவதற்கு வெகு முன்பே. அவருக்கு ஒரு மகன், மூன்று மகள்கள்.

★ குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரிக்குப் பிள்ளைகள் 14. அம்பேத்கர் அவர் பெற்றோருக்கு 14-ஆவது பிள்ளை. சுபாஷ் சந்திர போஸ் 14 பேரில் 9-ஆவது.

★ வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பெரிய பொம்மைகளைக் கொலுவுக்கு வாங்கிப் போவார்கள். எட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்தது மண் சொப்புதான். உடைந்தால் அழுகை, பிறகு உடைந்த சில்லில் பாண்டியாட்டம்.

★ கரிசல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்தவர். பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்து மக்கள் சொன்ன கதைகளையும் திரட்டி 'புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள்' கொண்டுவந்தார். இருட்டில், சோறு வேகும் வரைக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளைத் தூங்காமல் உட்காரவைக்க ஆயாக்களுக்குக் கதை தேவைப்பட்டது. ஒற்றைப் பிள்ளைக்கு அலைபேசி போதும் என்றாகிவிட்டது. கதை போன இடம் அதுதான்.

★ அண்ணன் புத்தகம் தம்பிக்கு, தம்பி புத்தகம் தங்கைக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்களையே புதுச்சேரிப் பள்ளிகளும் படித்ததால், எல்லைக்கு அப்பாலுள்ள மாமா பிள்ளையின் புத்தகம்கூட உதவியது. 2023–24 முதல் இங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறின. அந்த வருஷம் அக்காவின் பழைய புத்தகம் எடைக்குப் போயிற்று. தீபாவளிக்கு ஒரே தானில் துணி வாங்கி எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தைத்துப்போடும் வழக்கமும் போய்விட்டது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் கண்டுபிடிக்க அது எவ்வளவு சௌகரியம்! வில்லியனூர் தேரன்று, கவர்னர் வடம் பிடிக்கும் அந்த நெரிசலில், சட்டை நிறத்தைச் சொன்னாலே போதும்.

★ கடைசியாக ஒன்று. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு எழுதக் குறைந்தபட்ச வயது 14. மேல் வரம்பு கிடையாது. தமிழிலேயே எழுதலாம், பள்ளிக்குத் தினம் போக வேண்டியதில்லை. உங்களைத் தூக்கி வளர்த்த பெரியக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவராக இருந்தால், இந்தத் தகவலை அவரிடம் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். கட்டணத்தைக் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டுங்கள்.